ஃபியூயல் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றுவதா, ஷெட்டுக்கு விடுவதா? டீசலுக்கு ஒரு பதில், பெட்ரோலுக்கு வேறு பதில்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் டீசல் ஸ்விஃப்டின் ஃபியூயல் ஃபில்டரை, அதாவது எரிபொருளில் வரும் தூசியைப் பிடிக்கும் வடிகட்டியை, வீட்டு வாசலில் வைத்து மாற்றிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த மச்சான் முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தார். எல்லாம் முடிந்து வண்டி ஸ்டார்ட் ஆனதும், "இவ்வளவுதானா மாப்ளே, அடுத்த வாரம் என் வண்டிக்கும் நானே மாத்திடுறேன்" என்றார். அவருடையது பெட்ரோல் கார். வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன். "நீங்க பண்ணலாம், நான் பண்ணக் கூடாதா?" என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம். அவருக்குச் சொன்ன பதிலை இன்னும் விரிவாக எழுதி வைத்தால் இதே குழப்பத்தில் இருக்கும் வேறு சிலருக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்கள் இந்த முடிவைக் கூலியை வைத்து எடுக்கிறார்கள். ஷெட்டில் சில நூறு ரூபாய் கேட்கிறார்கள், நாமே செய்தால் மிச்சம் என்று. அந்தச் சில நூறு ரூபாய் ஒரு காரணமே இல்லை. முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டர் வண்டியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. அப்புறம் அதற்குள் இருக்கும் எரிபொருள் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது, வேலை செய்ய உங்களுக்கு எப்படிப்பட்ட இடம் இருக்கிறது என்பது. இவற்றுக்குப் பதில் தெரிந்தால் வீடா ஷெட்டா என்ற கேள்வி தானாகவே தீர்ந்துவிடும்.

எங்கள் வண்டியில் இருப்பது 1.3 லிட்டர் டீசல் எஞ்சின். ஃபியட்டிலிருந்து வந்த இந்த எஞ்சினைத்தான் மாருதி, டாடா, ஃபியட் என்று பலரும் தங்கள் கார்களில் வைத்தார்கள், அதனால் 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களை நிறுத்திய பிறகும் உதிரிபாகத்துக்கு இன்றுவரை பஞ்சமில்லை. இதில் ஃபில்டர் பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது, மாற்றும்போது உள்ளே புகும் காற்றை வெளியேற்றக் கையால் அழுத்தும் பம்ப்பும் இருக்கிறது. வண்டிக்கு அடியில் போக வேண்டாம், டேங்கைத் தொட வேண்டாம். ஃபில்டர் இருப்பது தாழ்ந்த அழுத்தப் பக்கத்தில், எஞ்சினை அணைத்து ஆறவிட்ட பிறகு அங்கே ஹோஸைக் கழற்றினால் டீசல் வழியும், பீய்ச்சி அடிக்காது. இப்படி அமைந்த டீசல் வண்டி என்றால் பொறுமையும் சுத்தமும் உள்ள யாரும் வீட்டில் செய்யலாம் என்பதுதான் என் கருத்து.

மச்சானுடைய வண்டியில் ஃபில்டர் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே, பம்ப்போடு சேர்ந்த ஒரே தொகுப்பாக இருக்கிறது. இப்போது வரும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இப்படித்தான். பின் சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, டேங்கின் வாயைத் திறந்துதான் அதை எடுக்க வேண்டும். அதாவது காருக்குள்ளேயே பெட்ரோல் ஆவி நிறையும். பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே நாற்பது டிகிரி குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும், நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, மேலே எழும்பிக் கலைந்து போகாது, தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். பத்தடி தள்ளி இருக்கும் ஒரு பொறி போதும்.

இன்னும் சில பெட்ரோல் கார்களில், முக்கியமாகக் கொஞ்சம் பழையவற்றில், ஃபில்டர் வண்டிக்கு அடியில் டேங்குக்குப் பக்கத்தில் இருக்கும். இதைத்தான் பலர் சுலபம் என்று நினைத்து இறங்குகிறார்கள். கார் டயரில் 32 பிஎஸ்ஐ காற்று என்றால் அது சுமார் 2.2 பார். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் இஞ்செக்ஷன் வண்டியின் குழாயில் இருப்பது ஏறத்தாழ 3 முதல் 4 பார், வண்டியை அணைத்த பிறகும் அது அப்படியே நிற்கும். அழுத்தத்தை இறக்காமல் கிளிப்பைக் கழற்றினால், மல்லாந்து படுத்திருக்கும் உங்கள் முகத்தில்தான் பெட்ரோல் அடிக்கும். அதை இறக்க வழி இருக்கிறது: பம்ப்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தால் குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலைக் குடித்துத் தானாக அணையும், அதற்கு மேல் சில நொடி செல்ஃப் அடித்து, டேங்க் மூடியைத் திறந்து மூடி, பேட்டரியின் மைனஸைக் கழற்றி, இணைப்பின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக விடுவிக்க வேண்டும். இது எனக்குத் தெரியும், ஆனாலும் எங்கள் வீட்டில் நான் செய்ய மாட்டேன். காரணம், வண்டியைத் தூக்கி நிறுத்தச் சரியான ஸ்டாண்டு என்னிடம் இல்லை. ஸ்டெப்னி மாற்றக் கொடுக்கும் ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காருக்கு அடியிலும் யாரும் போகக் கூடாது, செங்கல்லை அடுக்கிவிட்டும் போகக் கூடாது.

பைக்கைப் பற்றி இரண்டு வரி. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் பெட்ரோல் தானாகக் கீழே இறங்குகிறது, அழுத்தம் இல்லை. டேப்பை மூடிவிட்டு, குழாயில் இருக்கும் விரல் நீள ஃபில்டரை அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்க்கிற மாதிரி மாற்றிவிடலாம், திறந்த வெளியில், எஞ்சின் ஆறியபின். 2020க்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகை மாசைக் கட்டுப்படுத்தும் அரசு விதி) வண்டிகளில் பெரும்பாலானவை இஞ்செக்ஷன், அவற்றில் பம்ப் டேங்குக்குள் இருக்கும், அதனால் மச்சான் காருக்குச் சொன்னதுதான் அவற்றுக்கும்.

டீசல்தானே, தீக்குச்சியைப் போட்டால்கூடப் பற்றாது என்று சொல்பவர்களுக்கு ஒன்று. நம் நாட்டுத் தர அளவில் வண்டி டீசல் குறைந்தபட்சம் 35 டிகிரி வரை தீப்பற்றும் ஆவி விடாமல் இருந்தால் போதும், ஐரோப்பாவில் இந்த அளவு 55. அக்னி நட்சத்திரத்தில் சென்னையில் மதியம் 40 டிகிரி. அதற்கு மேல், டீசல் ஆவியாகப் பரவுவதைவிடச் சூடான பரப்பில் சொட்டுவதுதான் ஆபத்து: ஓடி வந்த வண்டியின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறும் குழாயில், பட்டால் பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ள முடியும். அதனால் இரவெல்லாம் நின்று ஆறிய எஞ்சினில், காலை எட்டு மணிக்கு முன்னால் ஆரம்பித்துவிடுவேன். இதில் சமரசமே கிடையாது.

இடத்துக்கு வருகிறேன். நம் வீடுகளின் போர்ட்டிகோவில் கார் மட்டுமா இருக்கிறது? இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும், வாஷிங் மெஷின் இருக்கும், பூஜைக்கு வைத்த விளக்கோ மாலையில் ஏற்றிய கொசுவத்தியோ இருக்கும், சில வீடுகளில் கேஸ் கீசரும் அங்கேதான். கரண்ட் போய் வரும்போது இன்வெர்ட்டரின் ரிலே படக்கென்று மாறும், அது ஒரு பொறிதான். ஆகவே வண்டியை வெளியே, காற்றோட்டமான சமதளத்தில் நிறுத்தித்தான் வேலை. அப்பார்ட்மெண்டின் அடித்தளப் பார்க்கிங்கில் டீசல் வண்டிக்குக்கூட இந்த வேலையைச் செய்யாதீர்கள். காற்றும் இல்லை, ஏதாவது ஆனால் மேலே இருக்கும் அத்தனை குடும்பங்களும் ஆபத்தில் மாட்டும். வெளியே இடம் இல்லாதவர்கள் இதோடு நிறுத்திவிட்டு ஷெட்டுக்குப் போய்விடலாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சரி, ஷெட் எப்படி? தெரிந்த மெக்கானிக் என்றால் இருபது நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார். தாம்பரம் பக்கம் எங்களுக்குப் பல வருடமாகப் பழக்கமான ஒருவர் இருக்கிறார், கை சுத்தம், நான் முதலில் கற்றுக்கொண்டதே அவர் செய்ததைப் பார்த்துத்தான். ஆனால் எல்லா ஷெட்டும் அப்படி இல்லை. வேறொரு ஊரில் அவசரத்துக்கு ஒரு இடத்தில் மாற்றியபோது பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமலே அதன் மேல் புதியதைப் போட்டு முறுக்கிவிட்டார்கள். வீடு வந்து சேர்வதற்குள் பானெட்டுக்குள் டீசல் வாடை. நல்லவேளை, மெல்லிய கசிவுதான். இன்னொரு பழக்கமும் உண்டு: காற்று சீக்கிரம் போகட்டும் என்று புது ஃபில்டருக்குள் திறந்த கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவது. பழைய லாரிகளில் அது ஓடிவிட்டது. இப்போதைய டீசல் கார்களில் இருக்கும் காமன் ரெயில் எஞ்சினில், அதாவது ஒரே பொதுக் குழாயில் மிக அதிக அழுத்தத்தில் டீசலைத் தேக்கி அனுப்பும் எஞ்சினில், இது பெரிய தவறு. வடிகட்டாத டீசலைச் சுத்தமான பக்கத்தில் ஊற்றினால், அந்தத் தூசியைத் தடுக்க அதற்குப் பின்னால் இன்னொரு ஃபில்டர் கிடையாது. நேராக ஹை பிரஷர் பம்ப்புக்கும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் போகும். அங்கே பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடி ஏறத்தாழ எழுபது மைக்ரான் என்று வைத்தால் எவ்வளவு நுணுக்கம் என்று பாருங்கள். ஒரு இன்ஜெக்டரைச் சரிசெய்யவே பல ஆயிரம் ஆகும்.

ஷெட்டுக்கு விடுவது என்று முடிவெடுத்தால் ஃபில்டரை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், பக்கத்தில் நில்லுங்கள், பழையதைக் கேட்டு வாங்கி வாருங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கூலி கூடுதல், வேலை நடக்கும் இடத்துக்கு நம்மைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஆனால் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அதுதான் சரியான இடம், இரண்டாவது யோசனையே வேண்டாம். நாளைக்கு இன்ஜெக்டரில் கோளாறு வந்தால் நீங்கள் கைவைத்ததைக் காட்டித் தட்டிக்கழிக்க வாய்ப்புக் கொடுக்காதீர்கள். பிஎஸ் 6 டீசல் வண்டிகள் சிலவற்றில் ஃபில்டர் மாற்றியபின் ஸ்கேனர் மாட்டிச் சில வேலைகள் செய்ய வேண்டியிருக்கும், அதற்கும் அங்கேதான் போயாக வேண்டும். மச்சான் வண்டிக்கும் இதையே சொன்னேன். அவருக்கு வாரண்டி முடிந்துவிட்டது, ஆனால் டேங்கைத் திறந்து மூடும் வேலைக்குரிய சீல், கருவி, தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது அங்கேதான். அதோடு அந்த மாதிரி வண்டிகளில் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரைக் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே பல நேரம் இருக்காது. முதலில் கையேட்டைப் பாருங்கள், மாற்ற வேண்டுமா என்பதே சந்தேகம் என்றேன்.

ஃபில்டர் வாங்குவதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. கார் கம்பெனி பெயர் போட்ட பெட்டி, பாஷ், மாலே மாதிரி ஃபில்டர் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் தங்கள் பெயரில் விற்பது, அப்புறம் பெயரே தெரியாத மலிவுச் சரக்கு. முதல் இரண்டில் எதை வாங்கினாலும் எனக்குச் சம்மதம், விலையைப் பார்த்து எடுப்பேன். மூன்றாவதைத் தொடவே மாட்டேன். உள்ளே இருக்கும் காகிதம் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கிறது, தண்ணீரைப் பிரிக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. போலியும் நிறைய உலவுகிறது, ஆகவே பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் கிடைக்காத கார் சாமான் இல்லை. பழைய ஃபில்டரின் எண்ணை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போனால் ஒரே பெயரில் ஓடும் வெவ்வேறு வருட மாடல்களுக்கு நடுவே குழம்ப வேண்டியதில்லை. ரப்பர் வளையம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.

இனி, வீட்டில் செய்வது என்று முடிவெடுத்த டீசல்காரர்களுக்கு. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதுகாப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது.

தொடங்குவதற்கு முன்னால் இரண்டு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பெட்ரோல் பங்கில் தொங்கும் சிவப்பு வாளியைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி ஒரு வாளி மணலும் இருக்கட்டும், சிந்தினால் மேலே தூவவும் அது உதவும். தண்ணீர் வேண்டாம், எரியும் டீசல் தண்ணீரின் மேல் மிதந்து இன்னும் பரவும். பருத்தி உடை, நைட்ரைல் கையுறை, கண்ணாடி. குழந்தைகள் உள்ளே இருக்கட்டும். வேடிக்கை பார்க்க வருகிறவர் பீடியோ சிகரெட்டோ வைத்திருந்தால் முதலிலேயே சொல்லி நிறுத்திவிடுங்கள், தயங்க வேண்டாம்.

பேட்டரியின் மைனஸைக் கழற்றியதும் ஃபில்டரைச் சுற்றியுள்ள இடத்தைப் பழைய பிரஷ்ஷும் துணியும் வைத்துச் சுத்தமாகத் துடைப்பேன். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் ஹோஸைக் கழற்றிய அந்த நொடியில் பக்கத்தில் ஒட்டியிருக்கும் மண் உள்ளே விழுந்தால் புது ஃபில்டர் வாங்கியதே வீண். ஹோஸ்கள் எது எங்கே போகிறது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, கீழே தட்டு வைத்து, முடிந்தால் அடியில் இருக்கும் வடிகாலைத் திறந்து கொஞ்சம் டீசலை இறக்கிவிட்டால் சிந்துவது குறையும். கழற்றிய ஹோஸ் வாய்களைச் சுத்தமான பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. எஞ்சின் ஓடும்போது அங்கே 1,600 பார் வரை அழுத்தம் ஏறும், ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் டீசல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது பார்ப்பதற்குச் சின்னக் காயமாக இருந்தாலும் உடனே அறுவை சிகிச்சை வேண்டிய விஷயம், கை விரலையே இழக்க நேரலாம்.

டீசலில் தண்ணீர் சேர்ந்தால் காட்டும் சென்சார் பழைய ஃபில்டரின் அடியில் இருந்தால் அதைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும், பழையதோடு தூக்கிப் போட்டுவிட்டுத் தேடியவர்கள் உண்டு. பழைய ரப்பர் வளையம் ஃபில்டர் மாட்டும் தலைப்பாகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புதிய வளையத்தில் லேசாகச் சுத்தமான டீசல் தடவி, வேண்டிய அளவு மட்டும் முறுக்குங்கள், பலத்தைக் காட்ட வேண்டாம். அப்புறம் கைப்பம்ப்பை அழுத்த அழுத்த முதலில் மெத்தென்று இருக்கும், கெட்டியாகும்வரை விடாதீர்கள். ஐம்பது அறுபது தடவைகூட ஆகலாம். கைப்பம்ப் இல்லாமல் டேங்கில் மின் பம்ப் உள்ள வண்டி என்றால் பேட்டரியை மாட்டிச் சாவியை ஆன் செய்து சில நொடி நிறுத்தி, அணைத்து, இப்படி நாலைந்து முறை. காற்று போகாமல் செல்ஃபை மட்டும் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஹை பிரஷர் பம்ப்புக்கு எண்ணெய் பூச்சே டீசல்தான், அது இல்லாமல் வெறுமனே சுற்றினால் தேய்ந்துவிடும். பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் சிந்தியதை எல்லாம் துடைத்து உலரவிடுங்கள். டீசல் பட்டு ஊறிய பெல்ட்டும் ரப்பர் குழாயும் கெட்டுப்போகும், அதோடு பழைய ஈரம் இருந்தால் புதுக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் ஓடும்போது ஒரு வெள்ளைக் காகிதத்தை ஃபில்டருக்கு அடியில் பிடித்து டார்ச் அடித்துப் பாருங்கள், விரலை வைத்துத் தேட வேண்டாம். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை, மறுநாள் காலையில் தரையில் சொட்டு இருக்கிறதா என்று இன்னொரு முறை.

பெட்ரோலோ டீசலோ, டேங்கிலிருந்து எடுக்க ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. யாராவது அப்படி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கழற்றிய டீசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, மூடி உள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கும் ஷெட்டில் கொடுத்துவிடலாம்.

இத்தனை பாடுபட்டு ஏன் வீட்டில் செய்ய வேண்டும் என்றால், என் ஒரே காரணம் பழைய ஃபில்டர். அதில் இருக்கும் டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஒரு மணி நேரம் ஆடாமல் வைத்தால் வண்டி என்ன குடித்துக்கொண்டிருக்கிறது என்று கண்ணெதிரே தெரியும். அடியில் துருப்பொடி தங்கினால் டேங்கைப் பார்க்க வேண்டும், கறுப்பாக வழவழப்பாக இருந்தால் டீசலுக்குள் கிருமி வளர்ந்திருக்கலாம், தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால் எங்கிருந்தோ ஈரம் இறங்குகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், தாம்பரம் பக்கம் எத்தனையோ வண்டிகள் மூழ்கின, அதிலிருந்து எங்கள் பகுதியில் மழைக்காலம் முடிந்ததும் ஃபில்டரின் அடி வடிகாலைத் திறந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. போன மாதம் ஊற்றி வைத்த பாட்டிலை மச்சானும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர். வழக்கமாக டீசல் போடும் பங்கை அன்றே மாற்றிவிட்டேன், புது ஃபில்டரின் வடிகாலை இந்த மாதம் திறந்து பார்த்தபோது டீசல் மட்டும்தான் வந்தது.